கொறிக்கிறது சாப்பாட்டில் சேராது

1

எங்கள் வீட்டில் மறுபடியும் இட்லி வந்துவிட்டது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. நார்வே நாட்டின் மேற்குக் கரையில், வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் மழை பெய்கிற பெர்கன் நகரத்தில், எங்கள் மூன்று பேருக்கு மட்டும் அது செய்தி. ஒன்றரை வருஷமாக என் மனைவி செண்பகம் மாவு அரைக்கவில்லை. கிரைண்டரைப் பழைய போர்வையால் மூடி, குளிர்காலக் காலணிகள் வைக்கிற அலமாரிக்கு அடியில் தள்ளியிருந்தாள். இப்போது அரைக்கிறாள், நானும் சாப்பிடுகிறேன். சாப்பிட்டுப் பிரயோசனம் இல்லை என்கிற நிலைமை வந்த பிறகு சாப்பிடுகிறேன்.

நாளைக் காலையில் எனக்குக் கண் பரிசோதனை. நான் இந்த ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறவன். சர்க்கரை வியாதி கண்ணைப் பிடித்துவிட்டது. லேசர் வைத்தார்கள். லேசர் கண்ணைக் காப்பாற்றும், ஆனால் ஓரப் பார்வையில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று நாளை அளக்கிறார்கள். நேரே பார்ப்பதில் பெரிய குறையில்லை. எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டால் கம்ப்யூட்டரில் இதை எழுத முடிகிறது. ஆனால் பஸ்காரனுக்கு ஓரம்தான் பிழைப்பு. சைக்கிள் வருவதும் பிள்ளைகள் ஓடி வருவதும் ஓரத்திலிருந்துதான். நாளை தேறினால் மறுபடி ஸ்டியரிங். இல்லாவிட்டால் டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐம்பத்தாறு வயதில் குழாயைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

செண்பகமும் மகள் கோமதியும் கடைக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம், சுருக்கமாக அம்பை. ஊரை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தேன், வளைகுடாவில் குழாய் ஒட்டினேன், அங்கிருந்து இங்கே ஒரு கப்பல் பட்டறைக்கு வந்தேன். பட்டறையை மூடியபோது பஸ் லைசென்ஸ் எடுத்தேன். ஆற்றை நினைத்து நான் ஒரு நாளும் அழுததில்லை. மணிமுத்தாறு அருவியை இங்கே உள்ளவர்களிடம் பெருமையாகச் சொன்னால், சன்னலைத் திறந்து அவர்கள் மலையில் விழுகிற நாலு அருவியைக் காட்டுகிறார்கள். ஊர் எனக்கு ஒரே வழியாகத்தான் வரும். வாய் வழியாக.

எங்கள் பக்கத்து வாய்க்கு ஒரு சட்டம் உண்டு. சோறு என்பது சாப்பாடு. இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம் எல்லாம் பலகாரம். ராத்திரி வீட்டுக்கு வந்தவரிடம், சோறு வைக்கவா பலகாரம் வைக்கவா என்று கேட்பார்கள். பலகாரம் என்றால் தோசைக்கல் அடுப்பில் ஏறும். சேவு, மிக்சர், பக்கோடா, ஓமப்பொடி இதெல்லாம் எதிலும் சேராது. அது கொறிக்கிறது. சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால், ஒரு பொட்டலம் சேவைக் காலி செய்துவிட்டு அப்போதுதான் கையை உதறியவன்கூட, இன்னும் இல்லை என்றுதான் சொல்லுவான். அவன் பொய் சொல்லவில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. நெல்லை ஜங்ஷனில் அல்வாக் கடையில் சூடாக நூறு கிராம் வாங்கினால், வாழை இலைத் துண்டில் வைத்துத் தருவார்கள். நின்றுகொண்டே தின்று முடித்ததும், நாம் கேட்காமலே உள்ளங்கையில் ஒரு பிடி மிக்சர் விழும். அதற்குக் காசு கிடையாது. இனிப்பை முறிக்க அது. அல்வா திகட்டி நிற்கிற வாயை அந்த ஒரு பிடி காரம் நேர் செய்துவிடும். பதினைந்து வயதிலிருந்து நான் அதை ஒரு மருந்தாகவே நம்பி வந்திருக்கிறேன். இனிப்பு தின்றால் காரம் தின்று முறித்துவிட வேண்டும், பிறகு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த உள்ளங்கைதான் சொல்லித் தந்தது.

3

என் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே வண்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். இந்த நாட்டில் பெட்ரோல் பங்க் என்பது பெட்ரோல் போடுகிற இடம் மட்டும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் சாசேஜ் உருண்டுகொண்டே இருக்கும். பக்கத்தில் இனிப்பு பன். இந்த ஊர் பன்னில் ஏலக்காய் போடுகிறார்கள். கதவைத் திறந்து உள்ளே போனால் ஏலக்காய் மணம் வந்து முகத்தில் அடிக்கும். ஐஸ் காற்றில் வந்தவன் அந்த மணத்தைத் தாண்டிப் போக முடியாது. நான் போனதில்லை.

பன்னை நான் இனிப்பாக நினைத்ததே இல்லை. ஊரில் பன் என்றால் காய்ச்சல்காரனுக்கு வாங்கிக் கொடுப்பது. டாக்டரே எழுதிக் கொடுக்கிற சாமான். ஆனால் தின்ற பிறகு வாய் தித்தித்தது. அதை முறிக்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் பையில் எவர்சில்வர் டப்பாவில் காராச்சேவு இருக்கும். அண்ணன் அம்பையிலிருந்து அனுப்புவது. நாலு எடுப்பேன், பிறகு ஒரு பிடி. காரம் ஏறியதும் தண்ணீர். தண்ணீர் குடித்ததும் வாய் வெறிச்சென்று ஆகிவிடும். மறுபடி என்னமாவது வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தக் கடைசி நிறுத்தத்துக்குப் போனேனோ அத்தனை தடவையும் இதுதான்.

இதை ஆசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசைப்பட்டு வாங்கினால் தின்றதும் ஒரு நிறைவு இருக்க வேண்டும். இது வாய் நமநம என்று இருப்பது. பசி கிடையாது. வயிறு நிறைந்திருக்கும்போதுதான் அதிகம். வேலையில் எரிச்சல் வந்தால் நமநம. மழை விடாமல் பெய்தால் நமநம. மகள் போனை எடுக்காவிட்டால் நமநம. இங்கே உள்ள உணவு ஆலோசகர் அம்மாவிடம் இதை எப்படியாவது புரியவைக்க வேண்டும் என்று ஒரு தடவை என் பஸ்கார நார்வேஜியனில், வாய் அரிக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் பயந்துபோய் நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். அலர்ஜி பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கேயும் போய் முன்கையில் ஊசிக்குத்து வாங்கி வந்தேன். ஒரு அலர்ஜியும் இல்லை என்று முடிவு வந்தது.

4

இனி அந்தப் பலகாரத்துக்கு வருகிறேன்.

சர்க்கரை என்று தெரிந்த புதிதில் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டு, சாப்பாட்டுப் பழக்கத்தைக் கேட்டார்கள். நார்வேஜியன் எனக்கு டிக்கெட், நிறுத்தம், தாமதம் இந்த மூன்றைச் சுற்றித்தான் நன்றாக வரும். வியாதி பேசுகிற அளவுக்கு வராது. அதற்கு இங்கே மொழிபெயர்ப்பாளர் வைப்பது விதி. டாக்டர் மேசையில் ஒரு ஸ்பீக்கர் போனை வைத்தார். அதிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அம்மா பேசினார். பெர்கனில் தமிழ் என்றால் பெரும்பாலும் அவர்கள் தமிழ்தான். மரியாதையான குரல், நிதானமான தமிழ். பக்கத்தில் செண்பகமும் இருந்தாள்.

இரண்டு சாப்பாட்டுக்கு இடையில் ஏதாவது சாப்பிடுவது உண்டா என்று முதலில் கேட்டார். இல்லை என்றேன். சத்தியமாக இல்லை. நான் இடையில் கொறிப்பேனே தவிர சாப்பிட மாட்டேன். இனிப்பு உண்டா என்றார். அல்வாவை விட்டு வருஷக்கணக்காகிறது என்றேன். டாக்டருக்குத் திருப்தி வரவில்லை. என் ரத்தம் ஒன்று சொல்கிறது, நான் ஒன்று சொல்கிறேன். வேறு மாதிரி கேட்டுப் பார்த்தார்.

"டொக்டர் கேக்கிறா, நீங்கள் பலகாரம் ஏதும் சாப்பிடுறனீங்களோ எண்டு."

"சாப்பிடுதேன். காலைலயும் ராத்திரியும் பலகாரந்தான்."

எத்தனை என்று கேட்டார். காலையில் ஆறு, ராத்திரி நாலு, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடும் என்றேன். அதை அவர் நார்வேஜியனில் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆறு இட்லி தின்கிறவனை இவர் பார்த்ததில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் பன்னிரண்டு தின்கிறவர்கள் உண்டு என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

"பலகாரத்தை முற்றா நிப்பாட்டோணுமாம். அதுதான் உங்களுக்கு நஞ்சாம்."

செண்பகத்தின் முகம் செத்துப்போனது. அவள் வார்த்து எடுத்த இட்லி நஞ்சு என்று ஒருவர் சொன்னதை அவள் அதுவரை கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் கிரைண்டரை மூடினாள்.

அந்தத் தமிழில் தவறே கிடையாது. அவர்கள் ஊரில் பலகாரம் என்றால் முறுக்கு, வடை, பயற்றம் பணியாரம், கொறிக்கிற சாமான். டாக்டர் கேட்டதும் அதையேதான். எங்கள் ஊரிலும் தீபாவளிக்குச் சுடுவதைப் பலகாரம் என்போம். ஆனால் காலை, ராத்திரி என்று பேச்சு வந்துவிட்டால் எங்களுக்கு இட்லி தோசைதான். மூன்று பேரும் உண்மையே பேசினோம். அந்த மேசையில் ஒரு பொய்கூட இல்லை.

5

அடுத்த நாளிலிருந்து காலையில் ஓட்ஸ் கஞ்சி. ராத்திரி தவிட்டு ரொட்டி இரண்டு துண்டு. நான் முரண்டு பிடிக்கவில்லை. உயிர் பயம் எனக்கும் உண்டு. தோசை வாசனை வந்தால் எனக்குத் தாங்காது என்று செண்பகமும் சுட்டுத் தின்னாமல் அதே கஞ்சியைக் குடித்தாள். அவளுக்குச் சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

பலகாரத்தை விட்ட வருத்தத்துக்கு எனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. டப்பாவில் சேவு இருந்தது. இட்லியையே விட்டவன் இரண்டு பிடி சேவு கொறித்தால் என்ன என்று செண்பகமும் கொண்டுவந்து வைப்பாள். டி.வி. முன்னால் உட்கார்ந்தால் ஒரு கிண்ணம், டிப்போவுக்கு ஒரு டப்பா. முன்பு ஒரு மாதத்துக்கு வந்த பார்சல் பத்து நாளில் தீர்ந்தது. அம்பையில் மொபைல் கடை வைத்திருக்கிற என் அண்ணன் சுடலைமுத்துவுக்கு அதில் ஏக சந்தோஷம். தம்பிக்கு வேறு என்ன செய்ய முடியும் அவனால்? அவனுக்கும் சர்க்கரை உண்டு. எங்கள் தெருவில் யாருக்கு இல்லை.

சோதனைக்குப் போகும்போதெல்லாம் அளவு ஏறியே இருந்தது. பலகாரத்தை விட்டீர்களா என்று கேட்பார்கள். ஒரு விள்ளல்கூடத் தொட்டதில்லை என்பேன். மாத்திரையைக் கூட்டினார்கள். பஸ் ஓட்டுகிறவனுக்கு வருஷா வருஷம் உடல்நலச் சான்று வேண்டும். வீட்டு டாக்டர் கண் ஆஸ்பத்திரியைக் கை காட்டுவார், கண் ஆஸ்பத்திரி லைசென்ஸ் அலுவலகத்தைக் கை காட்டும், லைசென்ஸ் அலுவலகம் வீட்டு டாக்டரிடம் போகச் சொல்லும். போகிற இடமெல்லாம் என்னை சங்கரன் என்று கூப்பிடுவார்கள். அது என் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் முன்னும் பின்னும் மாறி விழுந்ததை இருபத்தைந்து வருஷமாகத் திருத்த முடியவில்லை. என் பெயர் இசக்கிமுத்து என்று இந்த நாட்டில் என் வீட்டாருக்கும் டிப்போவில் ரெண்டு பேருக்கும்தான் தெரியும்.

ஒரு நாள் காலை கண்ணுக்குள் கரிய நூல்கள் மிதந்தன. கண்ணாடி அழுக்கு என்று துடைத்துக்கொண்டே இரண்டு நடை ஓட்டிவிட்டேன்.

6

கோமதி இங்கேயே பிறந்தவள். ஓஸ்லோவில் வேலை. ரயிலில் ஏழு மணி நேரம். வருஷத்துக்கு நாலு தடவை வருவாள், வந்தால் போனைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். என்னிடம் பேச அவளுக்கு விஷயம் இருக்காது. சாப்பிட்டியா தாயி என்று நான் கேட்பேன், சாப்பிட்டேன் என்பாள், அதோடு எங்கள் பேச்சு தீர்ந்தது. அவளுக்குத் தமிழ் வீட்டில் பாதி, இலங்கைத் தமிழர்கள் நடத்திய சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாதி. அதனால் அவள் தமிழில் நெல்லையும் யாழ்ப்பாணமும் கலந்து கிடக்கும். கிண்டல் செய்வேன். அந்தக் கலப்படத் தமிழுக்குத்தான் கடைசியில் உண்மை தெரிந்தது.

இந்த நாட்டில் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மிட்டாய் சனிக்கிழமை மட்டும். கடையில் வரிசையாகப் பெட்டிகளில் விதவிதமான மிட்டாய் கொட்டி வைத்திருப்பார்கள், பிள்ளைகள் சின்னக் கரண்டியால் அள்ளிக் காகிதப் பையில் போட்டுக்கொள்வார்கள். ஞாயிறு முதல் வெள்ளி வரை கேட்கமாட்டார்கள். கேட்டாலும் கிடைக்காது. கோமதி ஆறு வயதில் பையில் மிச்சமிருந்ததை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த சனிக்கிழமை எடுப்பாள். நான் அதைப் பார்த்து மலைத்துப் போவேன். என் வயிற்றில் பிறந்த பிள்ளை மாதிரியே இல்லை என்று செண்பகத்திடம் சொல்லுவேன். அவள் சிரிப்பாள்.

கண்ணில் நூல் மிதந்த பிறகு, கோமதி லீவு போட்டுவிட்டு வந்து என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் பழைய பதிவைத் திரையில் திறந்து வாசித்தார். நோயாளி தினமும் பத்து நொறுக்குத்தீனி சாப்பிடுகிறவர், இப்போது முற்றிலும் விட்டுவிட்டதாகச் சொல்கிறார். கோமதி என்னைப் பார்த்தாள். எதை விட்டீர்கள் என்று கேட்டாள். இட்லியை என்றேன்.

அவள் முதலில் சிரித்தாள். டாக்டர் எதிரில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய்க் காராச்சேவு டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அப்போது சிரிப்பு இல்லை.

"அப்பா, இதைத்தான் நிப்பாட்டச் சொன்னவை. இட்லியை இல்ல."

"இது சாப்பாட்டுலயே சேராதே, தாயி. கொறிக்கதுதானே."

செண்பகம் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அலமாரிக்கு அடியிலிருந்து கிரைண்டரை இழுத்து, போர்வையை எடுத்து, ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது அழுக்கே இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் என்னைப் பார்க்காமலே, "ஒண்ணரை வருசம் நஞ்ச நாந்தான் கிண்ணத்துல போட்டுக் குடுத்திருக்கேன்" என்றாள்.

7

தெரியாமல் தின்றதுதான் கேடு, தெரிந்துவிட்டால் விட்டுவிடலாம் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். வாய்க்குத் தமிழ் தெரியாது. பலகாரத்துக்கு என்ன அர்த்தம் என்று அதனிடம் விளக்கிப் பிரயோசனம் இல்லை.

அண்ணனிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். இனி அனுப்பாதே என்றேன். "ஏலே, ஒரு பிடி சேவுல என்னலே வந்துரப் போவுது" என்றான். கண் போகிறது என்றேன். அடுத்த மாதம் பார்சல் வந்தது. கடையில் சொல்லி உப்பைக் குறைத்துப் போடச் சொல்லியிருந்தான். அவனை நான் திட்டவில்லை. அவனுக்கு அதைவிட்டால் என்னைத் தொட வேறு வழி இல்லை.

செண்பகம் கேரட் நறுக்கி டப்பாவில் போட்டுத் தந்தாள். வாய் நமநம என்றால் இதைக் கடியுங்கள் என்றாள். கடித்தேன். கேரட் முடிந்ததும் நமநம அப்படியே இருந்தது, தாடை வலி மட்டும் கூடுதல். தண்ணீர் குடித்துப் பார்த்தேன். நடந்து பார்த்தேன், நடை எப்படியோ பெட்ரோல் பங்கில் போய் முடிந்தது. கோமதி என் போனில் ஒன்றை ஏற்றி வைத்தாள், மணிக்கொரு தரம் அது வேண்டாம் வேண்டாம் என்று ஞாபகப்படுத்தும். மறந்திருந்த நேரத்திலும் அதுதான் எனக்குச் சேவை ஞாபகப்படுத்தியது. வீட்டில் இருந்ததையெல்லாம் செண்பகம் குப்பையில் கொட்டினாள். நான் பேரங்காடியில் உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கிக் குடைக்குள் மறைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்று தின்றேன். என்னோடு வேலை பார்க்கிறவன் என் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தான், வணக்கம் சொன்னான். நான் வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

இட்லி வந்த முதல் நாளைச் சொல்லவேண்டும். பஞ்சுபோல வந்திருந்தது. மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய் எல்லாம் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். ஒன்றரை வருஷம் நான் ஏங்கிய சாமான். இரண்டு தின்றேன். எனக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை. கரகரவென்று ஒரு சத்தம் வாய்க்குள் கேட்டால்தான் இப்போது தின்ற மாதிரி இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் இன்னும் இரண்டு வைத்தாள்.

லேசர் முடிந்து வேலைக்குப் போக வேண்டாம் என்று வீட்டில் உட்கார வைத்ததும் நிலைமை இன்னும் மோசம். சமையலறை பத்தடி தூரத்தில். அப்போது கோமதிதான் அந்தச் சனிக்கிழமைச் சட்டத்தை எனக்கும் போட்டாள். அடியோடு நிறுத்தச் சொன்னால் ஒளித்துத் தின்பீர்கள், வாரம் ஒரு சின்னக் கிண்ணம், சனிக்கிழமை சாயங்காலம், மற்ற நாளில் இல்லை என்றாள். பார்சல் டப்பாவை அவளுடைய பழைய அறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் செண்பகத்திடம் கொடுத்தாள். இந்த நாட்டுப் பிள்ளைகள் ஆறு வயதில் கற்றுக்கொள்கிறதை நான் ஐம்பத்தாறில் கற்க வேண்டும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம். அதைச் சொன்னால் அவளுக்குப் புரியாது, சொல்லவில்லை.

அதிலிருந்து அவள் அடிக்கடி வருகிறாள். வெள்ளி ராத்திரி ரயில் ஏறி, சனி காலையில் வந்து, சாயங்காலம் கிண்ணத்தை அவளே எடுத்து வைப்பாள். போனைப் பார்ப்பதில்லை. எதிரில் உட்கார்ந்து, இந்த வாரம் எப்படி இருந்தது என்று கேட்பாள். இத்தனை வருஷம் எங்களுக்குள் இல்லாத பேச்சு அந்த ஒரு கிண்ணத்தால் வந்தது. நல்லா இருந்துச்சு தாயி என்பேன். புதன்கிழமை பங்கில் வாங்கிய பன்னைச் சொல்லமாட்டேன். அவள் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாள்.

8

நேற்று சனிக்கிழமை. இந்த மாதத்தில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். நாளைய பரிசோதனைக்கு என்னோடு வர கோமதி திங்கள்கிழமையும் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். செண்பகம் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கோமதி அறையைத் திறந்து டப்பாவைக் கொண்டுவந்து கிண்ணத்தில் சேவைக் கொட்டினாள். அதற்குள் அவளுக்குப் போன் வந்தது, வேலை சம்பந்தமாக. பேசிக்கொண்டே உள்ளே போனாள். நான் கொறித்தேன். அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, உடைத்து, பல்லில் வைத்து. வாரம் முழுக்க இதற்காகத்தான் இருக்கிறேன் என்று தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது. கிண்ணம் தீர்ந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு கையை மடியில் வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாய் நமநம என்றது. ஆனால் எடுக்க ஒன்றும் இல்லை. மழைச் சத்தம் கேட்டது.

கோமதி திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் சுற்றி வந்து என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

"டப்பாவை மூட மறந்திட்டுப் போயிட்டேன் அப்பா. இவ்வளவு நேரம் உங்க பக்கத்துலயேதான் இருந்திருக்கு. நீங்க தொடவே இல்ல."

அவள் மாடியைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டாள். அம்மா, இங்க வாங்க, அப்பா தொடவே இல்ல. செண்பகம் இறங்கி வந்து, விஷயத்தைக் கேட்டு, மடித்துக்கொண்டிருந்த துண்டாலேயே கண்ணைத் துடைத்தாள். கோமதி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆறு வயதுக்குப் பிறகு அவள் என்னை அப்படிக் கட்டியதில்லை. எனக்குத் தெரியும் அப்பா, உங்களால முடியும் எண்டு எனக்குத் தெரியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"வேண்டாம்னு தோணிச்சு, தாயி" என்றேன்.

அவளும் செண்பகமும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு டீ போட அடுப்படிக்குப் போனார்கள். அவர்கள் போன பிறகு நான் பையத் தலையை இடது பக்கம் திருப்பினேன். என் முழங்கையிலிருந்து ஒரு முழ தூரம்கூட இருக்காது. மூடி திறந்து, முக்கால் டப்பா காராச்சேவு இருந்தது. தலையைத் திருப்பும்வரை அந்த ஓரத்தில் எனக்கு அது இல்லவே இல்லை.